கவனமாப் போட்டு வா

எங்கள் ஊரில் படலையைத் திறக்கும்போதே அம்மாவின் குரல் பின்னால் வரும்: "கவனமாப் போட்டு வா." சங்கக்கடைக்குப் போனாலும் அதுதான், கொழும்புக்கு ரயில் ஏறினாலும் அதுதான். "ஓமம்மா" என்று சொல்லிவிட்டு ஓடுவோம். கவனம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அம்மா சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஒழுங்கையில் மாட்டுவண்டியும் சைக்கிளும் போன காலம். கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அந்தக் கேள்வி எனக்கு வந்தது கிழக்கு லண்டனில். அங்கே ஒரு ஆரம்பப் பள்ளிக்கு முன்னால் பத்தொன்பது வருடம் பிள்ளைகளைத் தெருக் கடக்கவைத்தேன். மஞ்சள் கோட்டு, தொப்பி, கையில் என்னைவிட உயரமான கம்பு, அதன் உச்சியில் வட்டப் பலகை. பலகையின் உருவத்தைப் பார்த்து இந்த வேலை செய்பவளை இங்கே 'லொலிபொப் லேடி' என்பார்கள். பிள்ளைகளுக்கு நான் 'லொலிபொப் அன்ரி'. காலையில் கொஞ்ச நேரம், பின்னேரம் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தக் கம்பு என் கைக்கு வந்து சேர்ந்த வழியைத் தேடிப் படித்தபோது, ஒரு நாடு தன் பிள்ளைகளுக்குத் தெருவைக் கற்பிக்க எத்தனை தரம் முயன்று, எத்தனை தரம் பாடத்தைத் திருத்தி எழுதியது என்று கண்டேன்.

தொடக்கம் இருட்டில். முதலாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டனின் தெருவிளக்குகளை மங்கவைத்தார்கள். வண்டிகளில் அடிபடுகிறவர்கள் பெருகினார்கள். அதைப் பற்றிப் பேச 1916 டிசம்பரில் கூடிய கூட்டத்திலிருந்து 'பாதுகாப்பே முதலில்' என்ற சபை பிறந்தது. இன்று விபத்துத் தடுப்புக்கான ராயல் சங்கம் என்று அழைக்கப்படுவது அதன் வாரிசுதான்.

போர் முடிந்தது, மோட்டார் பெருகியது. 1934இல் பிரித்தானியத் தெருக்களில் 7,343 பேர் இறந்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் நடந்து போனவர்கள். அந்த வருடம் போக்குவரத்து அமைச்சரான லெஸ்லி ஹோர்-பெலிஷா, கடவைகளின் இரு பக்கமும் கறுப்பு வெள்ளைக் கம்பம் நட்டு, உச்சியில் செம்மஞ்சள் உருண்டை வைத்தார். அந்தக் கம்பம் இன்றும் அவர் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. 1935இல் குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்ற எல்லை வந்தது, சாரதிகளுக்குக் கட்டாயப் பரீட்சை வந்தது. அதுவரை பரீட்சை இல்லாமலே வாகனம் ஓட்டினார்கள்.

இரண்டாம் போரில் மறுபடி இருட்டடிப்பு. நடைபாதை விளிம்புகளுக்கு வெள்ளை அடித்தும், 1941இல் 9,169 பேர் தெருவில் மாண்டார்கள். பள்ளிகளில் பிள்ளைகளுக்கு 'விளிம்புப் பயிற்சி' வந்தது அந்தப் போர்க்காலத்தில்தான். சொற்கள் முழுவதும் பட்டாளத்தின் சொற்கள். விளிம்பில் நில். வலம் பார். இடம் பார். மீண்டும் வலம் பார். தெரு வெறுமையானால் நேராக நட. வாகனம் இடப்பக்கம் ஓடும் நாட்டில் முதலில் வருவது வலப்பக்கத்து வாகனம் என்பதால் இரண்டு தரம் வலம். ஒரு தலைமுறை முழுவதும் இதை மனப்பாடம் செய்து வளர்ந்தது.

என் வேலையும் ஏறத்தாழ அந்தக் காலத்துப் பிள்ளைதான். 1937இல் பாத் நகரில் ஒரு பெண்மணியைப் பள்ளிப் பிள்ளைகளைக் கடக்கவைக்க நியமித்தார்கள். போருக்குப் பிறகு மற்ற ஊர்களும் பின்பற்றின. ஆனால் வண்டியை மறிக்க இவர்களுக்கு என்ன அதிகாரம்? 1953இல் நாடாளுமன்றம் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. பலகை உயர்ந்தால் சாரதி நிற்கத்தான் வேண்டும். இதற்குள் 1951இல் வரிக்குதிரைக் கடவைகளும் வந்துவிட்டன. இலங்கையில் நாங்கள் மஞ்சள் கோடு என்று சொல்லிப் பழகியதை இங்கே கறுப்பு வெள்ளையில் பார்த்தபோது முதல் நாள் எனக்குக் கால் தயங்கியது.

அதே 1953இல் எல்ஸி மில்ஸ் என்ற பெண்மணி, பள்ளிக்கு வராத சின்னப் பிள்ளைகளுக்காக டஃப்டி என்ற சிவப்பு அணிலைப் படைத்தார். டஃப்டி அம்மா சொல்லக் கேட்கும் நல்ல பிள்ளை. அவன் தோழன் வில்லி வீசல், ஐஸ்கிறீம் வானைக் கண்டதும் ஓடி அடிபடுகிறவன். 1961இல் டஃப்டிக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஒரு காலத்தில் அதில் 20 லட்சம் பிள்ளைகள் இருந்தார்கள். என் பக்கத்து வீட்டு ஆங்கிலேய அம்மா தன் பட்ஜை ஒரு பிஸ்கட் தகரத்தில் பொத்தான்களோடு வைத்திருந்தார். எனாமல் இரண்டு இடத்தில் உரிந்திருந்தது, அணிலின் வால் மட்டும் பளிச்சென்று சிவப்பு. "வில்லியை நினைத்து அழுதிருக்கிறேன்" என்றார் எழுபது வயதில். வில்லியை அடித்த காரை ஓட்டியவனைப் பற்றி அவருக்கு எந்த நினைவும் இல்லை. கதையின் பாடம் வில்லிக்கு மட்டும்தான்.

இதை முன்கூட்டியே கண்டவர் ஒருவர் உண்டு. பாதசாரிகள் சங்கத்தைச் சேர்ந்த ஜே. எஸ். டீன் 1947இல் ஒரு நூல் எழுதினார். ஆபத்தைக் கொண்டுவருவது வாகனம். பாடம் மட்டும் பிள்ளைக்கா என்பது அவருடைய வாதம். அன்றைக்குக் கேட்டவர்கள் குறைவு.

பாடத்தின் ஓட்டை எனக்குத் தெரிந்தது வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம். ஆறு வயதுப் பையன், எங்கள் தமிழ்ப் பிள்ளை. விளிம்பில் நின்று வலம், இடம், வலம் என்று வாயால் சொன்னான். தலை மேசை விசிறி மாதிரித் திரும்பியது. திரும்பி முடிந்ததும் இறங்கிவிட்டான், வான் ஒன்று வந்துகொண்டிருக்க. புத்தகப்பையைப் பிடித்து இழுத்தேன். அதன் பட்டி அறுந்து என் கையோடு வந்தது. அழவில்லை அவன். "நான் பார்த்தனான் தானே அன்ரி" என்றான். உண்மைதான், பார்த்தவன். ஆனால் கண்டவன் இல்லை.

சுவீடனின் ஸ்டினா சாண்டெல்ஸ் என்ற ஆய்வாளர் 1960களில் சின்னப் பிள்ளைகளைத் தெருவில் வைத்தே கவனித்து எழுதியதைப் பிறகு படித்தபோது அந்தப் பையனே கண்முன் வந்தான். சின்னப் பிள்ளைக்கு வலமும் இடமும் மாறிப்போகும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடாது. தான் காரைக் கண்டால் காரும் தன்னைக் காணும் என்று நம்பும். பந்து உருண்டால் பாடம் மறந்துபோகும். எத்தனை பாடம் நடத்தினாலும் பிள்ளையைத் தெருவுக்குப் பொருத்திவிட முடியாது, வயது வரவேண்டும் என்பதே அவர் முடிவு.

1970இல் பிரித்தானியா விளிம்புப் பயிற்சியைக் கைவிட்டு 'பச்சைச் சிலுவை விதி'யைக் கொண்டுவந்தது. பட்டாளச் சொல் போய்விட்டது. பாதுகாப்பான இடத்தை முதலில் தேடு, நில், சுற்றிலும் பார், காது கொடு, வாகனம் வந்தால் போகவிடு, கடக்கும்போதும் பார்த்துக்கொண்டே நட. 1975 முதல் இதைத் தொலைக்காட்சியில் சொல்ல வந்த பச்சை உடை வீரன் டேவிட் பிரௌஸ். இரண்டு வருடத்தில் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் டார்த் வேடரின் கறுப்பு உடைக்குள்ளும் நின்றவர் அவரே.

ஆனாலும் அது வகுப்பறைப் பாடம்தான். 1990களில் கிளாஸ்கோ நகரின் ட்ரம்சாப்பல் பகுதியில், ஜேம்ஸ் தாம்சன் என்ற உளவியலாளரின் குழு பாடத்தையே தெருவுக்கு இறக்கியது. ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளை இரண்டு மூன்று பேராக, பயிற்சி பெற்ற அப்பா அம்மாக்கள் உண்மையான விளிம்புக்கே கூட்டிப்போனார்கள். விடையைச் சொல்லவில்லை, கேள்வி கேட்டார்கள்: எங்கே கடக்கலாம்? ஏன்? இங்கிருந்து உனக்கு என்ன தெரிகிறது? தரித்து நிற்கும் கார்களுக்கு நடுவே கடக்க நேர்ந்தால் காருக்குள் ஆள் இருக்கிறதா, எஞ்சின் ஓடுகிறதா என்று பார். பிறகு காரின் வெளி விளிம்பு மட்டும் போய் அங்கே மறுபடி நில். பிள்ளைகள் உண்மையிலேயே தேறினார்கள்.

இதைப் படித்த அடுத்த நாள் நான் செய்தது ஒன்றுதான். பிள்ளைகள் வருமுன் என் விளிம்பில் முழந்தாளிட்டு உட்கார்ந்தேன். பத்தொன்பது வருடத்தில் பாதியை அதற்குள் அந்த இடத்தில் கழித்திருந்தேன். முழந்தாளில் இருந்தபோது தெருவையே காணவில்லை. கார்க் கதவு, டயர், ஒரு நம்பர் பிளேட், அவ்வளவுதான். அதற்குப் பிறகு "வடிவாப் பார்" என்று சும்மா சொல்வதை நிறுத்தினேன். "உனக்கு இப்ப என்ன தெரியுது, சொல்லு பாப்பம்" என்று கேட்கத் தொடங்கினேன். "ஒண்டும் தெரியேல்லை அன்ரி" என்று ஒரு பிள்ளை சொன்னால், அன்றைக்குப் பாடம் சரியாக நடந்தது என்று அர்த்தம்.

இன்னொரு கணக்கையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தின் சில பள்ளிகளில் மேயர் ஹில்மனும் தோழர்களும் கேட்டறிந்தார்கள். 1971இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் 9 சதவீதம். விபத்துக் கணக்குக் குறைந்ததற்குப் பாடம் மட்டும் காரணமில்லை. பிள்ளைகளைத் தெருவிலிருந்தே எடுத்துவிட்டோம். டீனின் கேள்விக்குப் பதில் மெதுவாகத்தான் வந்தது. 1991இல் ஷெஃபீல்டின் டின்ஸ்லி போன்ற சில இடங்களில் 20 மைல் வலயங்கள் தொடங்கின. லண்டனில் அந்த வலயங்கள் தெருக் காயங்களை ஏறத்தாழ 42 சதவீதம் குறைத்ததாக 2009இல் வந்த ஆய்வு சொன்னது. அதிகம் தப்பியவர்கள் சின்னப் பிள்ளைகள். பிள்ளை வளரும்வரை தெருதான் பொறுத்திருக்க வேண்டும்.

கம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது என் கையில் பேத்தியின் கை. போன கிழமை பள்ளிக்குப் போகும் வழியில், கார்கள் வரிசையாய் நின்ற இடத்தில், நான் பேச்சு மும்முரத்தில் காலை இறக்கப் பார்த்தேன். கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"அம்மம்மா, அந்தக் காருக்குள்ள ஆள் இருக்கு."

குனிந்து பார்த்தேன். இருந்தார். பின் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. இருவரும் விளிம்பில் நின்றோம், அந்தக் கார் போகும்வரை.