சிறைக்குள் வைத்தியர் புகுந்த வரலாறு

தூக்குமேடையில் மாண்டவர்களைக் காட்டிலும் சிறைக் காய்ச்சலுக்கு இரையானவர்களே மிகுதி என்று, பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சிறைகளையெல்லாம் நேரில் கண்ட ஜான் ஹோவர்ட் எழுதினார். ஆயினும் அந்நோய் ராஜ்யத்தாரின் நெஞ்சை முதலில் உறுத்தியது கைதிகளின் மரணத்தினால் அன்று. 1750இல், நியூகேட் சிறையிலிருந்து ஓல்ட் பெய்லி நியாயஸ்தலத்துக்கு விசாரணைக்குக் கொண்டுவரப்பட்டவர்களோடு கூடவே வந்த அந்தக் காய்ச்சல், லண்டன் மேயர், நீதிபதிகள் இருவர், வக்கீல்கள், ஜூரர்கள் எனச் சுமார் ஐம்பது பேரைக் கொண்டுபோன பின்னரே, சிறையின் கூரைமேல் காற்றாலை ஒன்றை நிறுவி உள்ளே காற்றோட்டம் உண்டாக்க முற்பட்டார்கள். கைதியின் உயிருக்கு அக்காலத்தில் இருந்த மதிப்பு அவ்வளவே.

1773இல் பெட்போர்டுஷயரின் ஷெரிப் பதவியை ஏற்ற ஹோவர்ட், குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவர்கள்கூட, சம்பளமில்லாத சிறையதிகாரிக்குச் செலுத்தவேண்டிய கட்டணத்துக்கு வழியின்றி மீண்டும் உள்ளே அடைபடுவதைக் கண்டு மனம் பொறாமல், அவ்வதிகாரிக்குச் சம்பளம் அளிக்கவேண்டுமென்று மாஜிஸ்திரேட்டுகளிடம் கேட்டார். வேறெங்கேனும் அவ்வாறு செய்வதுண்டா என்று அவர்கள் திருப்பிக் கேட்கவே, முன்மாதிரி தேடி ஊர் ஊராகச் சிறைகளைப் பார்க்கப் புறப்பட்டார். சன்னல் வரிக்கு அஞ்சிச் சிறையதிகாரிகள் சன்னல்களை அடைத்துவிட்டிருந்தார்கள். உடையில் ஏறிய துர்நாற்றம் தாங்கமாட்டாமல் மூடுவண்டியை விட்டுக் குதிரைமேல் பிரயாணம் செய்தார். குறிப்புப் புத்தகத்தின் ஏடுகளையும் நெருப்பருகில் விரித்துவைத்து, நாற்றம் தணிந்த பிறகே படிக்க முடிந்தது.

அவருடைய சாட்சியத்தைக் கேட்ட பார்லிமெண்டு 1774இல், சுவர்களுக்கு ஆண்டுதோறும் வெள்ளையடிக்கவும், நோயாளிகளுக்குத் தனியறையும் குளிக்க வெந்நீரும் அளிக்கவும், சிறைதோறும் ஒரு வைத்தியரை நியமிக்கவும் சட்டம் இயற்றிற்று. டைபஸ் எனப்படும் அந்தச் சிறைக் காய்ச்சலைப் பேன்களே பரப்புகின்றன என்று சார்ல் நிக்கோல் 1909இல் கண்டறிவதற்கு வெகுகாலம் முன்னரே, உடலையும் உடையையும் தூய்மை செய்யும் முறை நோயின் வேரைத் தொட்டுவிட்டது. ஹோவர்டோ 1790இல், ரஷ்ய ஆட்சிக்குட்பட்ட கெர்சன் நகரில் காய்ச்சலுற்று உயிர்நீத்தார்.

ஆனால் சித்தம் கலங்கியவர்கள் கதி என்ன? பிற கைதிகளோடு அடைபட்டுக் கிடந்த அவர்களும் தக்க மருத்துவம் கிடைத்தால் தெளிவடையக்கூடும் என்று ஹோவர்ட் தம் நூலில் குறித்தாரேனும், 1774ஆம் ஆண்டுச் சட்டம் உடற்பிணியையே கருதிற்று. 1841இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், கிழக்குக் கேம்பிரிட்ஜ் சிறைக்கு ஞாயிறு பாடம் நடத்தச் சென்ற டொரோதியா டிக்ஸ் என்ற ஆசிரியை, கணப்பில்லாத அறையில் குளிரில் வாடும் சித்தப்பிரமை கொண்ட பெண்களைக் கண்டு அவர்களுக்கு நெருப்பு வேண்டுமென்று கேட்டபோது, பைத்தியங்களுக்குக் குளிர் உறைக்காது என்பதே சிறையதிகாரியின் மறுமொழி. நியாயஸ்தலத்தை அணுகி அவர்களுக்குக் கணப்புப் பெற்றுத் தந்த அம்மாது, மாகாணத்தின் சிறைகளையும் தரும விடுதிகளையும் சுற்றிப் பார்த்து, கூண்டிலும் சங்கிலியிலும் கிடந்தவர்களின் நிலையை 1843இல் சட்டசபைக்கு எழுதிச் சமர்ப்பித்தார். வூஸ்டரிலிருந்த மனநோய் மருத்துவசாலையை விரிவாக்கச் சட்டசபை பணம் ஒதுக்கியது.