சூரன் உருவம் (யாழ்ப்பாண மரபு)

யாழ்ப்பாணக் குடாநாட்டு முருகன் கோயில்களில், ஐப்பசிக் கந்தசஷ்டியின் ஆறாம் நாள் நடைபெறும் சூரன் போரில் முருகனுக்கு எதிரே நின்று ஆடும் பெரிய உருவம். உடல் ஒன்று, கழற்றிப் பூட்டும் தலைகள் பல. யானைமுகன், சிங்கமுகன், சூரன் என மூன்று அசுரரும் இந்த ஒரே உடலில் வந்துபோகின்றனர்.

இலக்கிய மூலம்: காஞ்சிபுரம் குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் இயற்றிய கந்தபுராணம் ஆறு காண்டங்களும் 10,345 பாடல்களும் கொண்டது. அதன் காலத்தை 11ஆம் நூற்றாண்டு என்பாரும், 14ஆம் நூற்றாண்டோ அதற்குப் பின்னோ என்பாரும் உளர். காசிபருக்கும் மாயைக்கும் பிறந்த சூரபன்மன், ஆயிரம் தலை கொண்ட சிங்கமுகன், யானைமுகத் தாரகன் ஆகியோரின் கதை அதில் விரிகிறது. அசுரர் மாயவடிவம் எடுப்பதைப் புராணம் பெருவிருப்போடு பாடுகிறது. இறுதிப் போரில் சூரன் சக்கரவாகப் பறவையாகிறான். பிறகு கடல் நடுவே மாமரமாய் நிற்கிறான். வேல் பிளந்த மரத்தின் கூறுகள் சேவலும் மயிலுமாகிப் பாய்கின்றன. முருகனின் அருட்பார்வையில் சினம் தணிந்து, ஒன்று கொடியாகவும் மற்றது ஊர்தியாகவும் அமைகின்றன. இதைச் சைவர் வதம் என்று கொள்வதில்லை; ஆட்கொள்ளல் என்றே கொள்கின்றனர்.

புராணத்தில் தாரகன் கிரவுஞ்ச மலையோடு வேலால் முதலில் அழிகிறான். சிங்கமுகனை வீழ்த்துவது குலிசம் என்னும் படைக்கலம். அந்த நெடும்போர் முழுவதையும் கோயில் வீதியில் ஒரு மாலைப்பொழுதுக்குள் அடக்கித் தருவது தலை மாற்றும் உத்தியே.

அமைப்பும் ஆட்டமும்: உருட்டிய கண், முறுக்கிய மீசை, வெளிநீண்ட கோரைப்பல், முடி என அச்சம் தரும்படி முகங்கள் செய்யப்படும். ஒரே உருவம் பழுது பார்க்கப்பட்டு, புதுவர்ணம் பூசப்பட்டுப் பல ஆண்டுகள் பயன்படும். இளைஞர் அதைத் தோளில் சுமந்து வீதியில் முன்னும் பின்னும் ஓட்டி, சாய்த்து, சுழற்றி ஆட்டுவர். சுமப்போரின் கால்வேகமே சூரனின் வீரமாகத் தோன்றும். வேல் வந்து படும்போது ஒரு தலை அகற்றப்பட்டு அடுத்தது பூட்டப்படும். பின்னர் மாங்கொப்பு மாமரத்தைக் குறிக்கும். முடிவில் சேவலும் மயிலும் வரும். முறைகள் கோயிலுக்குக் கோயில் வேறுபடும்.

வரலாறு: யாழ்ப்பாண அரசர் காலத்தில் இவ்விழா எவ்வாறு நடந்தது என்பது பற்றி ஊகங்களே உள்ளன. 1619இல் அரசு வீழ்ந்தது. 1621இல் போர்த்துக்கேயர் நல்லூர் முருகன் கோயிலை இடித்தனர். இன்றைய கோயில் 1734இல் தொடங்கியது என்பது பெருவழக்கு. 1749 என்பாரும் உளர். ஆறுமுக நாவலர் (1822–1879) 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கிய பிரசங்க மரபும், ஒருவர் பாட்டை வாசிக்க மற்றவர் பயன் சொல்லும் புராண படிப்பும் சூரன் கதையை எளியோர் செவிக்கும் கொண்டுசென்றன. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) யாழ்ப்பாண வாழ்வைக் ‘கந்தபுராண கலாசாரம்’ என்றே குறித்தார்.

இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலம் இம்மரபைக் குலைத்தது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் 1990 முதல் நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்துள் இருந்தது. குதிரைமுகம் நீங்கப்பெற்ற இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதையைத் தலவரலாறாகக் கொண்ட கோயில் அது. 1995 அக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஊர்களை விட்டு வெளியேறியதும் கந்தசஷ்டியை ஒட்டிய நாள்களிலேதான்.

தொடர்புடைய மரபுகள்: பிள்ளையார் கோயில்களில் மார்கழியில் கயமுகாசுர சங்காரம் நடைபெறும், அங்கு யானைமுக அசுரன் பெருச்சாளி ஆகிறான். விசயதசமி மானம்பூ விழாவில் வெட்டப்படும் வாழை மகிடாசுரனைக் குறிக்கும். ஒரே உடலுக்கு வேறு முகம் தருவதில் தற்கால ஒப்புமை ஒன்றும் உண்டு: 1959இல் வெளிவந்த பார்பி போன்ற பொம்மைகளின் பழைய உடலில் கொம்பும் வாலும் பொருத்தி, முகத்தை மறுபடி தீட்டிக் கற்பனை உயிரிகளாக்கும் கைவினை உலகின் பல நாடுகளில் இன்று நிகழ்கிறது. அப்பொம்மை பெற்ற வடிவிலேயே நிலைத்துவிடும். சூரனோ மறு ஆண்டு பழைய முகத்தோடு களத்துக்குத் திரும்புவான்.

அண்மைக்காலம்: இலண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களில் ஈழத்தமிழர் அமைத்த கோயில்களிலும் சூரன் போர் நடைபெறுகிறது.