பழைய யந்திரமும் புதிய கடனும்

அல்வாலில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பால்பண்ணை என்னும் சொல் புதியதன்று. 1806 ஆம் ஆண்டில் தோன்றிய செகந்திராபாத் இராணுவப் பாளையத்தை அடுத்துள்ளது அவ்வூர். பாளையங்களில் வாழ்ந்த படைவீரர்களுக்குத் தூய பால் கிடைக்கவேண்டும் என்பதற்காக 1889 இல் அலகாபாதில் முதல் இராணுவப் பால்பண்ணை நிறுவப்பெற்றது. பின்னர் நாட்டின் பல பாகங்களிலும் பெருகிய அப்பண்ணைகள் 2021 இல் மூடப்பட்டன. அவை அரசாங்கப் பண்ணைகள். அங்கே ஒரு யந்திரம் தேய்ந்துபோனால் கருவூலம் இருந்தது. ஓரிரண்டு எருமைகளை வைத்துப் பிழைக்கும் குடியானவர்கள் தாமே சேர்ந்து நடத்தும் பால் நிலையத்தில் யந்திரம் தேய்ந்தால் என்ன செய்வது? இந்த வினாவுக்கு 1949 இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் கிடைத்த விடை நம் நாட்டுப் பால் தொழிலின் போக்கையே மாற்றிற்று.

கேடா மாவட்டத்துப் பாலைப் பம்பாய் நகருக்கு அனுப்பும் உரிமை அக்காலத்தில் போல்சன் என்னும் தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. கிடைத்த விலை போதாது என்று வருந்திய குடியானவர்கள், சர்தார் வல்லபபாய் படேலின் யோசனைப்படி 1946 ஜனவரியில் சமர்கா கிராமத்தில் கூடினர். தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைக்க முடிவு செய்தனர். பதினைந்து நாட்கள் பால் கொடுக்க மறுத்து நின்றனர். அவ்வாண்டு டிசம்பர் 14 ஆம் நாள் சங்கம் பதிவாயிற்று. விடுதலைப் போரில் சிறை சென்ற திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவரானார்.

சங்கத்திற்குச் சொந்த ஆலை கிடையாது. அரசாங்கத்தின் பழைய பாலாடை நிலையத்தில் ஒரு பகுதியை வாடகைக்குப் பெற்று, 1948 ஜூனில் வேலை தொடங்கினர். அங்கிருந்த யந்திரங்களோ மிகப் பழையவை. பால் என்பது காத்திருக்கும் சரக்கன்று. கறந்த சில மணி நேரத்திற்குள் சூடேற்றிக் கிருமிகளை அழித்துக் குளிர்விக்காவிடில் அது திரிந்துபோகும். ஆனந்திலிருந்து பம்பாய்க்கு நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட இரயில் பயணம். ஆனந்தில் யந்திரம் நின்றால் பம்பாயில் பால் நிராகரிக்கப்படும். நஷ்டம் கறந்து ஊற்றியவர் தலையிலேயே விழும்.

இந்நிலையில் 1949 மே மாதம் அந்நிலையத்திற்கு அரசாங்க ஊழியராக வந்து சேர்ந்தார் வர்கீஸ் குரியன் என்னும் இளைஞர். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை இலயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் பயின்று, அரசாங்க உதவிச் சம்பளத்தில் அமெரிக்கா சென்று திரும்பியவர். ஆனந்தில் தங்கும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை. எனினும் சங்கத்தின் யந்திரம் பழுதாகும்போதெல்லாம் திரிபுவன்தாஸ் அவரை அழைப்பார். அவரும் சென்று செப்பனிடுவார். மறுபடியும் அது நிற்கும். இறுதியில், இனிப் பழுது பார்ப்பது வீண், புதியது வாங்குவதே வழி என்று குரியன் கூறிவிட்டார்.

திரிபுவன்தாஸ் தம் உறவினர் ஒருவரிடம் 40,000 ரூபாய் கடன் பெற்றார். ஏழைகளின் சங்கத்திற்கு அக்காலத்தில் அது பெருந்தொகை. பம்பாயிலிருந்த லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனத்தின் வாயிலாக டென்மார்க் தேசத்து சில்கபோர்க் யந்திரம் வாங்க ஏற்பாடாயிற்று. இத்தகைய யந்திரத்தில் மெல்லிய எஃகுத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். தகட்டின் ஒருபுறம் பாலும் மறுபுறம் வெந்நீரும் ஓடும். பால் ஏறத்தாழ 72 பாகை வெப்பத்தில் பதினைந்து விநாடிகள் இருந்தாற் போதும். வெளியேறும் சூடான பால், உள்ளே வரும் குளிர்ந்த பாலுக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிடுவதால் எரிபொருளும் மிச்சமாகும். பெரிய தொட்டியில் அரைமணி நேரம் சூட்டில் வைத்திருக்கும் பழைய முறையோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும்.

இதற்கிடையில் குரியன் அரசாங்க வேலையிலிருந்து விடுபட்டு ஊர் செல்ல ஆயத்தமானார். உம் சொல்லை நம்பியன்றோ கடன் வாங்கினோம், யந்திரத்தை நிறுவி ஓட்டிக் காட்டாமல் போகலாமா என்னும் கருத்துப்படத் திரிபுவன்தாஸ் கேட்டார். யோசனை சொன்னவருக்கு அதன் பயனிலும் பொறுப்பு உண்டு என்பதைக் குரியன் மறுக்கவில்லை. சில மாதங்கள் இருப்பதாக ஒப்புக்கொண்டார். 1950 இல் சங்கத்தின் பொது மேலாளரானார். 2012 இல் மறையும்வரை ஆனந்தே அவருடைய ஊராயிற்று.

சில ஆண்டுகளில் பால் பெருகவே, அந்த ஏற்பாடும் போதாமற் போயிற்று. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியும் நியூசிலாந்தும் உதவ, எருமைப் பாலிலிருந்து பால்பொடி செய்யும் புதிய ஆலை எழுந்தது. 1955 அக்டோபர் 31 இல் பிரதமர் நேரு அதனைத் திறந்து வைத்தார். அமுல் என்னும் பெயர் பின்னர் நாடறிந்தது. 1965 இல் ஆனந்திலேயே தேசியப் பால்வள வாரியம் அமைந்தது. 1970 இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் ஆனந்த் முறையைப் பிற மாநிலங்களுக்கும் கொண்டு சென்றது.

நம்மில் பலர் பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களுக்கு வந்தவர்கள். சில காலம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றே வந்தவர்கள். கிண்டியில் படித்த அந்த இளைஞரும் அவ்வாறே எண்ணினார். ஏழைகள் கடன்பட்டு வாங்கிய ஒரு யந்திரம் சரியாக ஓடவேண்டுமே என்ற கவலை அவரை அங்கே நிறுத்தி வைத்தது.