கெண்டை புரளும் இரவுகள்: கோப்பாயில் கர்ப்பகாலக் குரக்கையின் வரலாறு

கர்ப்பத்தின் பின்பாதியில், பெரும்பாலும் நள்ளிரவில், கெண்டைக்காற் தசை திடீரெனச் சுருண்டு கல்லாய் இறுகும். இதைக் குரக்கை, குரக்குவலி என்று வைத்திய வழக்கிலும், கெண்டை புரளுதல், நரம்பு இழுத்தல் என்று பேச்சு வழக்கிலும் சொல்வர். சில விநாடிகளிலோ சில நிமிடங்களிலோ இழுவை விட்டுவிடும். தசையின் நோவு மட்டும் மறுநாள் வரை நிற்கும். கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 30 முதல் 50 சதவீதமானோர் இதை அனுபவிக்கின்றனர். உயிரைப் பறிக்காத நோவு என்பதால் வைத்திய ஏடுகளும் மிசன் அறிக்கைகளும் இதற்கு அதிக இடம் கொடுக்கவில்லை. அந்த அலட்சியம் நியாயமற்றது. ஒரு பெண்ணின் உறக்கத்தை மாதக்கணக்கில் கெடுக்கும் நோவு சிறிய நோவு அல்ல.

கோப்பாய் யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதியில் ஐந்தாறு கிலோமீற்றர் தொலைவில், வலிகாமம் கிழக்கில் உள்ளது. 1560 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசின் தலைநகரான நல்லூரைத் தாக்கியபோது சங்கிலி மன்னன் பின்வாங்கிய கோட்டை இங்கேதான் இருந்தது. ஊரின் மேற்கே செம்மண் தோட்டங்கள். கிழக்கே தாழ்ந்த வயலும் உப்பாற்றுக் கடனீரேரியும். புகையிலை, வெங்காயம், மரக்கறி என்று கிணற்றுநீரை நம்பிய பயிர்ச்செய்கையில் துலா மிதித்தது ஆண்கள் என்றால், களை பிடுங்கியதும் வெங்காயம் நட்டதும் பெரும்பாலும் பெண்கள். அதன் மேல் வீட்டுக்குத் தண்ணீர் அள்ளுதல், உரலில் இடித்தல், அம்மியில் அரைத்தல். வயிறு பெருத்த பின்னும் பகல் முழுவதும் காலில் நின்ற உடம்பு, இரவில் பாயில் சாய்ந்ததும் கெண்டை புரண்டது.

அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார் என்பதே இங்கு முதன்மையான செய்தி. யாழ்ப்பாணத்தில் வீடும் காணியும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையிலும் சீதனத்துக்குப் பெரிய இடம் உண்டு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதே பரவலான வழக்கமாக இருந்ததால், பிள்ளைத்தாய்ச்சி பிறந்த வளவிலேயே, தாயின் கூப்பிடு தூரத்திலேயே இருந்தாள். வேறு பல தமிழ்ப் பகுதிகளில் பேறுகாலத்துக்கு மட்டும் தாய்வீடு திரும்பும் பெண்ணுக்குக் கிடைக்காத வசதி இது. கால் பிடித்துவிடும் முறை ஏட்டின் வழியாக அல்லாமல், தாயின் கையிலிருந்து மகளின் கைக்குப் போயிற்று.

முறையும் எளியதுதான். முழங்காலை நேராக வைத்து, பாதத்தின் முன்பகுதியைப் பற்றி முழங்காலை நோக்கி மெதுவாக மடக்குவது. தசை இளகியதும் இளஞ்சூடான நல்லெண்ணெயோ இலுப்பெண்ணெயோ பூசிக் கீழிருந்து மேலாக நீவுவது. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது. நொச்சி, பாவட்டை, ஆமணக்கு, வாதமடக்கி இலைகளை அவித்த நீரைக் காலில் வார்ப்பது. எழுந்து நிற்கக் கூடியவளைத் தரையில் பாதம் ஊன்றி நிற்கச் செய்வதும் உண்டு. எண்ணெய் எதுவென்பது வீட்டுக்கு வீடு மாறியது. பாதத்தை மடக்குவது மாறவில்லை.

இதற்கு விளக்கம் கொடுத்தது சித்த வைத்தியம். உடம்பின் அசைவெல்லாம் வாதத்தின் வேலை. பத்து வாயுக்களில் வியானன் கைகால்களில் நின்று நீட்டல் மடக்கலைச் செய்யும். அபானன் கீழ்நோக்கிச் செல்லும். கருப்பை பெருத்து அபானனின் வழியை நெருக்க, வாயு கெட்டுத் தசையை இழுக்கிறது என்பது இந்த மரபின் பார்வை. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் பெயர் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் குடாநாட்டுப் பரம்பரை வைத்தியர்களுக்கு அடிப்படையாக இருந்தன. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 1920களின் இறுதியிலிருந்து பகுதி பகுதியாக அச்சேற்றியதால், கர்ப்ப ரோகங்களையும் பாலரோகங்களையும் பற்றிய பாடல்கள் ஓலையை விட்டு வெளியே வந்தன. வாயுவைக் கிளப்பும் உணவைக் குறைத்தல், எள், உழுந்து, முருங்கையிலை, குரக்கன் போன்றவற்றைச் சேர்த்தல் என்ற வீட்டுப் பத்தியம் இந்த நோக்கோடு இசைந்தது. எள்ளும் முருங்கையிலையும் குரக்கனும் கல்சியமும் மக்னீசியமும் மிகுந்தவை என்பதைப் பிற்கால ஆய்வு காட்டியது.

குரக்கை என்ற சொல்லுக்கு இன்னொரு நிழலும் இருந்தது. 19 ஆம் நூற்றாண்டில் குடாநாட்டைத் திரும்பத் திரும்பத் தாக்கிய வாந்திபேதியில், உடம்பின் நீரும் உப்பும் வற்றிக் கைகால்கள் இழுத்துப் பிடிக்கும். அது பலருக்கு மரணத்தின் முன்னறிகுறி. கர்ப்பிணியின் இழுவை அந்த வகையானதல்ல. ஆயினும் நீர் குறைந்தால் தசை எளிதில் இழுக்கும் என்ற ஒரு புள்ளியில் இரண்டும் தொடுகின்றன.

மேலைத்தேய வைத்தியம் கோப்பாய்க்கு மிசன்களின் வழியே நெருங்கியது. சேர்ச் மிசனறிச் சங்கம் (சி.எம்.எஸ்.) 1818 இல் நல்லூரில் தொடங்கிப் பின்னர் கோப்பாயிலும் பாடசாலையும் ஆசிரியர் பயிற்சியும் நடத்தியது. வைத்தியத்தில் முன்னின்றது அமெரிக்க மிசன். 1847 இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்துத் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். அவரது முயற்சியில், மோன்செல் எழுதிய பிரசவ வைத்திய நூல் 1857 இல் தமிழில் வெளிவந்தது. கர்ப்பிணியின் உடம்பைத் தசை, நரம்பு, இரத்தக்குழாய் என்று தமிழில் பேசும் வழியை இம்முயற்சி திறந்தது. எனினும் ஆண் வைத்தியரிடம் கால்நோவுக்காகப் போகும் பெண் அக்காலத்தில் அரிது. 1898 இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமெனத் திறக்கப்பட்ட மக்லியொட் வைத்தியசாலையில் பெண் வைத்தியர்கள் இருந்தனர். கோப்பாயிலிருந்து மாட்டுவண்டியில் எட்டக்கூடிய தொலைவு அது. அங்கும் பெண்கள் போனது பேற்றுக்கும் பெரிய வருத்தங்களுக்கும். இரவுக் குரக்கை வீட்டோடும் மருத்துவிச்சியோடும் நின்றது.

அதை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்தது அரசின் சுகாதார சேவை. 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கி, பயிற்சி பெற்ற மருத்துவமாது வீடு வீடாகச் செல்லும் முறை இலங்கை முழுவதும் பரவியது. இன்று கோப்பாய் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் குடும்பநல உத்தியோகத்தர் என்று அழைக்கப்படும் பெண், கர்ப்பம் உறுதியானதும் பெயரைப் பதிந்து, கிளினிக்குக்கு அழைத்து, இரும்புச்சத்து, போலிக் அமிலம், விற்றமின் சி, கல்சியம் லக்ரேற் ஆகிய குளிசைகளும் திரிபோசா என்ற சத்துமாவும் கிடைக்கச் செய்கிறார். கால் இழுக்குது என்ற முறைப்பாட்டை வீட்டுக்கு வெளியே கேட்டுக் குறித்துக்கொள்வது இந்தச் சேவை. அதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது.

கல்சியக் குளிசை இழுவைக்கும் மருந்து என்ற நம்பிக்கை கிளினிக்கோடு சேர்ந்து ஊரில் வேரூன்றியது. இந்த நம்பிக்கையைச் சோதிக்கக் கோப்பாய் பொருத்தமான இடம். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. கிணற்றுநீர் கேத்திலின் அடியில் வெள்ளைக் காறையாகப் படிவது அக்கல்லின் கல்சியமே. கல்சியம் லக்ரேற்றின் எடையில் ஏறத்தாழ 13 சதவீதம்தான் கல்சியம். 300 மில்லிகிராம் குளிசை ஒன்றில் 40 மில்லிகிராம் வரை இருக்கும். வன்மையான கிணற்றுநீர் ஒரு லீட்டரில் அதைவிடக் கூடுதலாக இருப்பது இங்கு வியப்பல்ல. அந்நீரையே தலைமுறைகளாகக் குடித்த பெண்களுக்கும் கெண்டை புரண்டது. ஆக, கல்சியக் குறை மட்டுமே காரணம் என்று சொல்வது கடினம்.

ஆய்வுகளும் ஒரு முடிவுக்கு வரவில்லை. 1953 இல் அமெரிக்காவில் ஏர்னெஸ்ட் பேஜும் எலினோர் பேஜும், பாலில் உள்ள பொஸ்பரசு மிகுவதே காரணம் என்று வாதிட்டனர். 1987 இல் சுவீடனில் ஒரு பிரிவினருக்குக் கல்சியமும் மற்றப் பிரிவினருக்கு விற்றமின் சியும் கொடுத்தபோது இரு பிரிவும் ஏறத்தாழ ஒரே அளவில் சுகம் கண்டன. பின்னர் மக்னீசியம் முன்வந்தது: 1995 இல் 73 பெண்களிடம் நடந்த சுவீடிய ஆய்வு பயன் கண்டது, 2008 இல் நோர்வேயில் நடந்த ஆய்வு காணவில்லை. 2015 இலும் 2020 இலும் இத்தகைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் அமைப்பின் மதிப்பீடு, எந்தக் குளிசைக்கும் உறுதியான சான்று இல்லை என்றது. உலக சுகாதார நிறுவனம் 2016 இல், மக்னீசியம், கல்சியம், மருந்தில்லா முறைகள் ஆகியவற்றில் பெண் விரும்பியதைப் பயன்படுத்தலாம் என்று விட்டது. கல்சியக் குளிசையின் முக்கியப் பயன் வேறிடத்தில் உள்ளது: கல்சியம் குறைந்த உணவு உண்ணும் பெண்களில் அது கர்ப்பகால உயர் குருதியமுக்கத்தைத் தடுக்க உதவுகிறது. இழுவை நிற்கவில்லை என்பதற்காக அதை எறிவது தவறு.

போர்க்காலத்தில், 1990 இலிருந்து குடாநாட்டுக்குப் பொருள்கள் வருவது கட்டுப்படுத்தப்பட்டு மருந்துகள் அருகின. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். கோப்பாய் மக்களும் பெயர்ந்தனர். நிறைமாதக் கர்ப்பிணிகளும் அவர்களில் இருந்தனர். குளிசையும் கட்டிலும் இல்லாத அந்நாட்களில் எண்ணெயும் கையுமே மிஞ்சின.

உப்பாற்றுக்கு அப்பால், கைதடியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவ அலகு 1984 இல் தொடங்கப்பட்டது. ஊர்க் கிளினிக்கும் கைதடியும் வேறு வேறு மொழியில் காரணம் சொன்னாலும், இழுக்கும்போது செய்ய வேண்டியதில் அவ்வளவு வேற்றுமை இல்லை: பாதத்தை மேல்நோக்கி மடக்கு, தசையை நீவு, சூடு கொடு. 1979 இல் அமெரிக்க வைத்தியர் டானியல், சுவரை நோக்கி நின்று குதி தரையில் பதிய முன்சாய்ந்து கெண்டையை நீட்டும் பயிற்சியை இரவு இழுவைக்குத் தீர்வாக எழுதினார். அதுவும் அதே தசையை அதே திசையில் நீட்டுவதே. படுக்கப்போகுமுன் இதைச் சில முறை செய்தல், நீண்ட நேரம் ஒரே நிலையில் நிற்காதிருத்தல், இடப்பக்கம் சாய்ந்து படுத்தல், போதிய நீர் குடித்தல் ஆகியன தடுப்புக்குச் சொல்லப்படுகின்றன. முன்னாட்களில் இரவு இழுவைக்குக் கொயினா கொடுத்ததுண்டு; கர்ப்பிணிக்கு அது ஆகாது.

ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, சிவப்பு, நடக்க நடக்கக் கூடும் நோவு ஆகியவை இருந்தால் அது குரக்கை அல்ல, ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அந்தக் காலை நீவக்கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முகமும் கையும் வீங்கித் தலையிடி, பார்வை மங்கல் சேர்ந்தால் குருதியமுக்கத்தை அன்றே பார்க்க வேண்டும்.