பதக்கம் பெற்றவரின் தயக்கம்

2007 அக்டோபர் 25 இரவு. ஆப்கானிஸ்தானின் குனார் மாநிலத்துக் கொரெங்கல் பள்ளத்தாக்கில், அமெரிக்கப் படைவீரர் சிலர் நிலவொளியில் ஒருவர் பின் ஒருவராய் மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தனர். கல்லெறி தூரத்தில் மறைந்திருந்த பகைவர் திடீரெனச் சுட்டனர். முன்னே சென்ற ஜோசுவா பிரெனன் வீழ்ந்தார்.

அவருக்குச் சற்றுப் பின்னே வந்தவர் சால்வடோர் ஜியுன்டா, வயது 22. அயோவா மாநிலத்தில் உணவுக்கடை ஒன்றில் வேலை செய்தபோது, படைக்கு ஆள்சேர்க்கும் அலுவலகத்திற்கு வருவோர்க்குச் சட்டை இலவசம் என்னும் வானொலி விளம்பரத்தைக் கேட்டு அங்கே சென்றவர். (வீர வரலாறுகள் இப்படியும் தொடங்குவதுண்டு!)

தலைக்கவசத்தில் குண்டுபட்டு விழுந்த தம் தலைவரை ஜியுன்டா ஓடிச்சென்று மறைவிடத்திற்கு இழுத்தார். ஒரு குண்டு அவரது மார்புக்கவசத்தைத் தாக்கியது. மற்றொன்று முதுகில் தொங்கிய ஆயுதத்தில் பட்டது. பின்னர்த் தோழர்களோடு கையெறிகுண்டுகளை வீசியபடி முன்னேறினார். காயமுற்றுக் கிடந்த வேறொருவரையும் கடந்து தனியே ஓடியபோதுதான் அந்தக் காட்சியைக் கண்டார்: இருவர் பிரெனனைத் தூக்கிச் சென்றுகொண்டிருந்தனர். ஒருவனைச் சுட்டுக் கொன்றார்; மற்றவன் காயத்தோடு ஓடினான். பிரெனன் மீட்கப்பட்டார். ஆயினும் மறுநாள் அறுவை மருத்துவத்தின்போது உயிர்நீத்தார். படைமருத்துவ உதவியாளர் ஹியூகோ மென்டோசாவும் அச்சண்டையில் இறந்தார்.

கொல்லப்பட்டவனும் ஒரு தாயின் மகனே. விருதுரையில் அவன் பெயர் இல்லை. இதைச் சொல்லாமல் மேலே எழுத என் மனம் ஒப்பவில்லை.

2010 நவம்பர் 16 அன்று அதிபர் ஒபாமா, அந்நாட்டின் மிக உயர்ந்த படைவிருதான 'மெடல் ஆஃப் ஆனர்' பதக்கத்தை ஜியுன்டாவுக்கு அணிவித்தார். வியட்நாம் போருக்குப் பிந்தைய போர்களில் ஆற்றிய செயலுக்காக, உயிருடன் இருக்கும்போதே அதனைப் பெற்ற முதல் வீரர் அவரே. அவரோ அப்பெருமையின் முன் கூசி நின்றார். தாம் நடுத்தரமான படைவீரரே என்றார். அன்றிரவு ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் செய்தனர், தம் பங்கு அவற்றுள் ஒன்று, அவ்வளவே என்றார்.

இது வெறும் தன்னடக்கமா? குருமடத்தில் பயின்ற நாளில், திடம் என்னும் நற்பண்பைப் பற்றித் தூய தோமா அக்குவினா எழுதிய பகுதி எனக்கு உலர்ந்த பாடமாகவே இருந்தது. திடீர் ஆபத்திலா திடம் சிறப்பாக விளங்குகிறது என்று அவர் அதில் வினவுகிறார். முன்கூட்டியே எண்ணித் துணிவதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் ஒரு பண்பு ஒருவனுள் வேரூன்றிவிட்டதா என்பதை எண்ண நேரமில்லாத கணமே காட்டும் என்பது அவர் விடை. ஜியுன்டாவின் சொல்லை அறிந்தபின் அப்பகுதியை மீண்டும் எடுத்துப் படித்தேன். துணிச்சல் என்று தனியே ஒன்றை அவர் அந்த இரவில் தேடவில்லை. நாள்தோறும் பயின்றதும், தோழர்மேல் கொண்ட பற்றும் அவரை ஓடச்செய்தன. தம்முள் எதுவும் புதிதாக எழாதபோது, எதைத் தம் வீரம் என்று அவர் சுட்டுவார்?

தாக்குவதினும் தாங்குவதே திடத்தின் தலையாய செயல் என்றும் தோமா கூறுகிறார். சண்டை சில நிமிடங்களில் முடிந்தது. இரு நண்பர்களை இழந்த இரவிற்காக ஊர்தோறும் கைதட்டல் பெறுவதையோ அவர் ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டியிருந்தது. அவர்கள் குருதி சிந்திய கொரெங்கலை விட்டு அமெரிக்கப்படை 2010 ஏப்ரலிலேயே வெளியேறிவிட்டது. பதக்கம் வந்ததோ ஏழு திங்கள் கழித்து.

2011இல் ஜியுன்டா படையிலிருந்து விலகினார். 2017இல் அப்பதக்கத்தைத் தம் பழைய படைப்பிரிவினரிடமே ஒப்படைத்துவிட்டார்.