லைப்சிக் பல்கலைக்கழகக் கோயிலின் ஓர்கன்: ஓர் அழிவின் வரலாறு

இசைக்கருவிகளின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றை இசைத்தோரையும் அவற்றுக்கென இசை யாத்தோரையுமே கருத்திற் கொள்வர். கருவி யாருடைய உடைமையாக இருந்தது, அதன் வாழ்வையும் அழிவையும் தீர்மானித்தோர் யாவர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. குழலோர்கனைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் தவிர்க்க முடியாதவை. வயலினைக் கையோடு எடுத்துச் செல்லலாம். ஓர்கனோ கட்டடத்தோடு பிணைந்தது. தச்சர், உலோகத் தொழிலாளர், துருத்தி இயக்குவோர் எனப் பலரது கூட்டுழைப்பினால் நிலைபெறுவது. ஜேர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகம் 1968இல் இழந்த ஓர்கனின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வது பயனுடைத்து.

1409இல் தோன்றிய இப்பல்கலைக்கழகம், மதச்சீர்திருத்தத்தின் பின் டொமினிக்கன் துறவிகளின் மடத்தையும், 1240இல் அபிடேகம் செய்யப்பட்ட அவர்தம் பவுல் கோயிலையும் 1543இல் பெற்றுக்கொண்டது. 1545இல் மார்ட்டின் லூதர் அதனைப் பல்கலைக்கழகக் கோயிலாக அர்ப்பணித்தார். வழிபாட்டுக்கு மட்டுமன்றிக் கல்விசார் வைபவங்களுக்கும் அதுவே களமாயிற்று.

இக்கோயிலில் யோகான் ஷைப என்னும் கைவினைஞர் மூன்று விசைப்பலகைகளும் ஐம்பதுக்கு மேற்பட்ட குழல்வரிசைகளும் கொண்ட பேரோர்கனொன்றை அமைத்தார். 1717 டிசெம்பரில் அதனைப் பரிசோதிக்க அழைக்கப்பட்டவர் யோகான் செபஸ்தியான் பாக். அவரது அறிக்கை இன்றும் கிடைக்கின்றது. உள்ளமைப்பு நெருக்கமாக இருத்தல், காற்று சீராகப் பாயாமை, விசைகள் அழுத்துவதற்குக் கடினமாகவும் ஆழமாகவும் இருத்தல் முதலிய குறைகளை அவர் ஒளிக்காது சுட்டினார். கருவியின் பின்னாலுள்ள சாளரத்தால் மழையும் வெயிலும் தாக்காவண்ணம் சிறு சுவரோ இரும்புத் தகடோ வேண்டும் என்றார். அதேவேளை, ஒப்பந்தத்துக்கு அப்பால் ஷைப செய்த வேலைகளுக்கு அவர் நட்டமடையலாகாது என்றும் வற்புறுத்தினார். கலைத்தரத்தையும் உழைப்பாளியின் உரிமையையும் ஒருங்கே பேணிய ஆவணமாக இதனை நாம் கொள்ளலாம்.

1723இல் லைப்சிக்கில் பதவியேற்ற பாக், இக்கோயில் வழிபாடுகளுக்குரிய ஊதியம் பற்றிப் பல்கலைக்கழகத்தோடு பிணக்குற்று, 1725இல் மன்னருக்கே முறையிட்டார். எனினும் 1727இல் அரசி கிறிஸ்தியானேக்கு எடுக்கப்பட்ட இரங்கல் விழாவில் அவரது இசை இங்கேயே ஒலித்தது. 1847இல் மென்டெல்சோனின் இறுதி வழிபாடும் இங்கேயே நிகழ்ந்தது. அதற்குமுன், 1841 முதல் 1843 வரையான காலத்தில், ஷைபயின் ஓர்கன் அகற்றப்பட்டு மென்ட என்பாரின் புதிய ஓர்கன் வைக்கப்பட்டிருந்தது. இதுவும் இழப்பே. ஆயினும் ஓர் இசைமரபு தன்னைப் புதுப்பித்துக்கொள்கையில் நேர்ந்த இழப்பு அது.

1968இல் நிகழ்ந்தது வேறுவகைப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுகளில் நகரின் பெரும்பகுதி அழிந்தும் கோயில் பெரிதும் சேதமின்றித் தப்பியிருந்தது. 1953 முதல் கார்ல் மார்க்ஸ் பல்கலைக்கழகம் எனப் பெயர்பூண்ட நிறுவனத்துக்குப் புதிய கட்டடத்தொகுதியும், நகருக்கு ஒரு சோசலிச மையச் சதுக்கமும் வேண்டும் எனக் கிழக்கு ஜேர்மன் அரசு முடிவுசெய்தது. பல்கலைக்கழக மூதவை மே மாதத்தில் இசைவளித்தது. மே 23ஆந் திகதி நகரசபையில் ஒரேயோர் உறுப்பினரே எதிர்த்து வாக்களித்தார். அன்றே இறுதி வழிபாடும் நடைபெற்றது. பலிபீடமும் கலைப்பொருள்கள் சிலவும் அவசரமாக வெளியேற்றப்பட்டன. மே 30ஆந் திகதி காலை கோயில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பேரோர்கனும் உடன் அழிந்தது. எதிர்ப்புத் தெரிவித்தோர் பலர் கைதாயினர். மூன்று வாரங்களின் பின், யூன் 20ஆந் திகதி, அதே நகரில் பாக்கின் பெயரால் நடந்த சர்வதேச இசைப்போட்டியின் அரங்கில், கோயிலை மீளக் கட்டக் கோரும் பதாகையொன்று எதிர்பாராது விரிந்தது. அதன் பின்னணியில் இருந்தோருள் பௌதிகவியல் இளைஞர்களும் அடங்குவர்.

பாக்கைத் தேசிய மரபின் பெருமகனாக 1950இல் விழா எடுத்துப் போற்றிய அரசே, அவர் பரிசோதித்த ஓர்கன் நின்ற மண்டபத்தைத் தகர்த்தது. இம்முரண்பாட்டை மதத்துக்கும் முற்போக்குக்கும் இடையிலான மோதலென மட்டும் விளக்குதல் பொருந்தாது. பழைய சமுதாயம் உருவாக்கிய கலைச்செல்வங்களை உழைக்கும் மக்களின் உரிமையாக்குவதே முற்போக்காளர் நோக்காதல் வேண்டும். மக்களைக் கேளாது மக்களின் பெயரால் அவற்றை அழித்தல் அதிகாரத்தின் செயலேயன்றி முற்போக்கன்று. மேலும், ஆணையிட்டோரின் பொறுப்பைப் பேசுவோர், கைதூக்கி இசைந்த கற்றோரின் பொறுப்பை மறத்தலாகாது.

கோயில் நின்ற இடத்தில் 1974இல் பொருத்தப்பட்ட மார்க்ஸ் புடைப்புச்சிற்பம் 2006இல் அகற்றப்பட்டது. 2017இல் புதிய மண்டபம் திறக்கப்பட்டது. அங்கே புதிய ஓர்கனும் உண்டு. பழைய கருவியின் ஒலி மீளவில்லை. சாளரத்தின் வழிவரும் மழையிலிருந்து ஓர்கனைக் காக்க வழிகூறிய அறிக்கை மட்டும் எஞ்சியுள்ளது. அதனைக் காக்கும் கடமை பல்கலைக்கழகத்துக்கே உரியதாயிருந்தது என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவாகும்.