பழைய காரின் சக்கரத்தை வீட்டிலேயே சமன்படுத்தலாமா?

பேராக்கில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. ஆனால், அந்தக் காலத்துக் கார்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றுள் பலருக்கும் தெரிந்தது, இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்ட மோரிஸ் மைனர். அப்பா ஓட்டிய காரை மீண்டும் சாலையில் இறக்கும் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் தொல்லை, ஸ்டியரிங் ஆட்டம்.

ஆட்டம் ஏன் வருகிறது?

டயரும் ரிம்மும் சுற்றிலும் ஒரே எடையில் இருப்பதில்லை. மோரிஸ் மைனரின் 14 அங்குல ரிம் விளிம்பில் ஓரிடத்தில் 30 கிராம் கூடினாலே, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய 3 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் சக்கரத்தை இழுக்கும். அதுவும் வினாடிக்கு 11, 12 முறை. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் கம்பத்துச் சாலையில் தெரியாத ஆட்டம், ஈப்போ - கோலகங்சார் சாலையில் தெரிகிறது. ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன் சக்கரம் காரணம். இருக்கை அதிர்ந்தால் பின் சக்கரம்.

வீட்டில் செய்யும் முறை

1. செம்மண் தரையில் ஜேக் புதையும். காரைச் சிமெண்டுத் தரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும். ஜேக்கை மட்டும் நம்பக்கூடாது.

2. சேறு, கல், பழைய எடைக்கட்டிகளை அகற்றி, டயரில் சரியான அளவு காற்று அடைக்க வேண்டும்.

3. பிரேக் உரசாத அளவுக்கு அதைத் தளர்த்த வேண்டும்.

4. சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டால் கனமான பகுதி கீழே வந்து நிற்கும். பேரிங் கிரீஸ் சற்றுப் பிடிக்கும் என்பதால், இரு திசையிலும் சுற்றி இரண்டு அடையாளம் இட வேண்டும். இரண்டுக்கும் நடுவில்தான் கனம் இருக்கிறது.

5. அதற்கு நேர் எதிரே எடையைத் தற்காலிகமாக ஒட்டிப் பார்க்கலாம். எந்த நிலையில் விட்டாலும் சக்கரம் நகராமல் நின்றால் சமன் கிடைத்துவிட்டது. அதே எடையை ரிம்மின் உள்பக்கம் பாதி, வெளிப்பக்கம் பாதியாகப் பொருத்த வேண்டும்.

6. பின் சக்கரங்கள் கியருடன் இணைந்திருப்பதால் தாராளமாகச் சுற்றாது. அவற்றையும் கழற்றி முன்பக்கத்தில் மாட்டியே பார்க்க வேண்டும்.

7. முடிவில் பிரேக்கைப் பழையபடி சரிசெய்து, நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, சிறிது தூரம் ஓட்டியபின் மீண்டும் சோதிக்க வேண்டும்.

இதன் எல்லை

இம்முறை மேல்கீழ்த் துள்ளலைக் குறைக்கும். பக்கவாட்டு ஆட்டத்தைக் கண்டுபிடிக்க, சக்கரத்தை வேகமாகச் சுழற்றும் இயந்திரம் வேண்டும். ஆகவே, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஓட்ட நினைப்பவர்கள் டயர் கடைக்குச் செல்வதே நல்லது. அங்கும் ஒரு சோதனை உண்டு. சக்கரத்தைத் தளர்த்தி, அரைச்சுற்றுத் திருப்பி மாட்டி, மீண்டும் அளக்கச் சொல்லலாம். முதலில் காட்டிய கணக்கு மாறினால், பழைய ரிம் இயந்திரத்தில் நடுவாக உட்காரவில்லை என்று பொருள்.

சமன்படுத்திய பிறகும் ஆட்டம் நிற்காவிட்டால் மேலும் எடை சேர்க்கக்கூடாது. ரிம் வளைந்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம். மோரிஸ் மைனரின் முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டில் கிரீஸ் வற்றித் தேய்ந்தால், ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடக்கூடும். இதை மெக்கானிக்கிடம் காட்டியே ஆக வேண்டும்.

கடைசியாக, டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பார்க்க வேண்டும். 2312 என்றால் 2012ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அதிகம் ஓடாத காரில் டயரின் பூ தேயாமலே இருக்கும். ஆனால், ரப்பர் இறுகி வெடித்திருக்கும். அத்தகைய டயரைச் சமன்படுத்திப் பயனில்லை, மாற்றுவதே பாதுகாப்பு.